ஆறரைக் காட்சி விடுகிற நேரம்

நெல்சன் என்ற பெயர் எனக்கு முதலில் ஒரு தியேட்டரின் பெயர்தான். பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் பிறகுதான் வந்தார். எங்கள் துறைமுகத்தைப் பார்த்து உலகத்திலேயே சிறந்தது இதுதான் என்று அவர் சொன்னதாகப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொன்னபோது, தியேட்டர்க்காரர் ஏன் துறைமுகத்தைப் பற்றிப் பேசினார் என்றுதான் யோசித்தேன். திருகோணமலையில் பிறந்த பிள்ளைக்கு வரலாறு இந்த வரிசையில்தான் வந்து சேரும்.

போன மாதம் மருமகன் வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். "மாமி, சனிக்கிழமை பின்னேரம் ஒரு நடை ஒழுங்கு செய்திருக்கிறம். பழைய தியேட்டர், கார்னிவல் நடந்த இடம், கப்பல்காரர் திரிஞ்ச றோட்டு எல்லாம் பாக்கலாம். தியேட்டரில படம் ஓட்டின பழைய ஒப்பரேட்டர் ஒருத்தர் கூட்டிக்கொண்டு போவார். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும்." கேட்டதும் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் எனக்கு எந்த றோட்டைக் காட்டப் போகிறான்? பிறகு அந்த நேரத்தைத் திரும்பக் கேட்டேன். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு.

எனக்கு நாற்பத்தைந்து வயது. பிறந்ததும் படித்ததும் வேலை பார்ப்பதும் இங்கேதான். இருட்டிய பிறகு இந்த நகரத்துக்குள் நான் நடந்ததே இல்லை. ஓட்டோவில் போயிருக்கிறேன், ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். ஒரு வேலையும் இல்லாமல், கையை வீசிக்கொண்டு நடந்ததில்லை. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. ஆறு மணிக்கு அம்மா கேற்றைப் பூட்டுவா. பிறகு சமாதானம் வந்தது, போனது, 2009இல் சண்டை முடிந்தது. கேற் பூட்டுகிற நேரம் மட்டும் மாறவில்லை. ஊரடங்குச் சட்டத்தை அரசாங்கம் எடுத்துவிட்டது, அம்மா எடுக்கவில்லை.

அதனால் அம்மாவும் வருகிறேன் என்றபோது எனக்கு நம்ப முடியவில்லை. எழுபத்து நாலு வயது, முழங்காலில் வருத்தம். "நடக்கிற இடத்தில நடக்கிறன், மிச்சத்துக்கு ஓட்டோ பிடிக்கிறன்" என்றா. என் மகள், பதினொரு வயது, "அம்மம்மா நீங்க தியேட்டருக்குப் போயிருக்கிறீங்களா?" என்று கேட்டாள். "போயிருக்கிறன். பகல் காட்சிதான். இரண்டரைக் காட்சி. இரவுக் காட்சிக்கு நல்ல குடும்பத்துப் பொம்பிளைகள் போகமாட்டினம்." வழக்கமாகச் சொல்கிற அதே வசனம். எனக்கு மனப்பாடம்.

காளி கோயிலடியில் பதினைந்து பேர் சேர்ந்திருந்தோம். பாதிப்பேர் மருமகனின் கூட்டாளிகள். ஜமாலியாவிலிருந்து இரண்டு ரீச்சர்மார், கனடாவிலிருந்து லீவில் வந்த ஒரு குடும்பம். ஒப்பரேட்டர் மாமா சறமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டுமாக, கையில் ஒரு ரோர்ச் லைற்றோடு வந்தார். எல்லா இடத்திலும் தெருவிளக்கு இருக்கிறதே, ரோர்ச் எதற்கு என்று நினைத்தேன். போகப் போகத்தான் விளங்கியது. ஏதாவது காட்ட வேண்டுமென்றால் அவர் விரலை நீட்ட மாட்டார், வெளிச்சத்தை அடிப்பார். ஆயுள் முழுக்கச் செய்த வேலை அதுதானே.

முதல் வெளிச்சம் மக்கெய்சர் மைதானத்தின் மேல் விழுந்தது.

"இது ஏன் வெறும் வெளியாக் கிடக்கு, சொல்லுங்கோ பாப்பம்."

விளையாடுவதற்கு என்று ஒரு பொடியன் சொன்னான். மாமா தலையாட்டினார். "விளையாட்டு பிறகு வந்தது தம்பி. அங்கால கோட்டை. கோட்டையில பீரங்கி. பீரங்கிக்கு முன்னால வீடு இருக்கக் கூடாது, மரம் இருக்கக் கூடாது. வாறவன் ஒளிச்சு வர ஏலாமல் இருக்கோணும். அதுக்காக விட்ட வெளி."

எத்தனையோ தரம் இந்த மைதானத்தைக் கடந்து போயிருக்கிறேன். இப்படி நினைத்ததில்லை. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782இல் கொஞ்சக் காலம் பிரெஞ்சுக்காரர். 1795இல் ஆங்கிலேயர் வந்து, 1803இல் ஒரு இளவரசரின் பெயரை வைத்து பிரெட்ரிக் கோட்டை ஆக்கினார்கள். ஆள் மாறினாலும் கோட்டைக்கு முன்னால் இருந்த வெளியை எவரும் மூடவில்லை. சுடுவதற்காகக் காலியாக வைத்திருந்த நிலத்தில்தான் எங்கள் ஆட்கள் பந்தடித்தார்கள், கார்னிவல் போட்டார்கள், கூட்டம் கேட்டார்கள். உப்புவெளி, நிலாவெளி, மனையாவெளி என்று பெயரிலேயே வெளி வைத்திருக்கிற எங்களுக்கு, நகரத்தின் நடுவில் கிடைத்த வெளி பீரங்கியின் தயவு.

கார்னிவலைப் பற்றி மாமா கனநேரம் பேசினார். ராட்டினம், வளையம் எறிகிற கடை, சூதுப் பலகை, எல்லாவற்றுக்கும் மேலே மரணக்கிணறு. பலகையால் வட்டமாகக் கட்டிய கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் சுவரில் ஏறிச் சுற்றும். மேலே நின்று பார்ப்பவர்களின் காலுக்குக் கீழே பலகை அதிரும். "ஓடுறவன் கையை விட்டுட்டு மேல வருவான். நாங்க பத்துரூவாத் தாளை நீட்டோணும். பறிச்சுக்கொண்டு போவான். எங்கட அப்பர் ஒருக்கா அம்பது ரூவாவை நீட்டிப்போட்டு, கடைசி நேரத்தில பயந்து கையை இழுத்திட்டார். ஓடினவன் கீழ போய் நிண்டு, மைக்கில பேசினான் பேச்சு!"

மைதானத்தை ஒட்டிய பழைய ஆங்கிலேயர் மயானத்தை வேகமாகக் கடந்தோம். மதிலுக்கு அப்பால் ரோர்ச்சை ஒருதரம் அடித்து, நாவல் எழுதிய ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ல்ஸ் இங்கேதான் அடக்கம் என்று மாமா சொன்னார். கடற்படையில் பெரிய பதவியில் இருந்தவர், 1852இல் பர்மாப் பக்கம் நோயில் போனவர். கனடாப் பிள்ளைகள் மதில் ஓட்டையால் போன் கமராவை நீட்டினார்கள். மதிலோரமாக மூன்று புள்ளிமான்கள் நின்று, யாரோ எறிந்த பார்சலின் வாழையிலையைத் தின்றுகொண்டிருந்தன. வேறு ஊர்க்காரர் மானைப் பார்க்கக் காட்டுக்குப் போவார்கள். இங்கே மான் பஸ் நிலையத்தில் மாட்டோடு சேர்ந்து படுத்திருக்கும். இரவு நகரத்தை இத்தனை வருசமும் தங்களுக்கென்று வைத்திருந்தது மான்கள்தான் என்று அப்போது தோன்றியது. எந்த ஊரடங்கிலும் அதுகளிடம் அடையாள அட்டை கேட்டதில்லை.

கோட்டைக்குள் போகவில்லை. டச்சுக்குடாவுக்குத் திரும்பினோம்.

சனிக்கிழமை என்பதால் கடற்கரை நிறையச் சனம். இறால் வடைத் தட்டுகளின் மேலே பெற்றோல்மக்ஸ் காலம் போய் எல்இடி பல்ப் எரிகிறது. கடலைக்காரர், அன்னாசித் துண்டில் மிளகாய்த்தூள் போடுகிறவர், பட்டம் விற்கிறவர். ஈர மணலில் முக்காடு போட்ட பெண்களும் பொட்டு வைத்த பெண்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஓட்டோவில் முன்னமே வந்து, ஒரு சீமெந்துக் கட்டில் இருந்து வடை தின்றுகொண்டிருந்தா. எனக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கவில்லை.

காந்தி சிலையடிக்கு வந்ததும் மாமா ரோர்ச்சை அணைத்தார். இந்த இடத்தில் அவர் கதை சொல்லவில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி, இதே மாதிரி ஒரு மாலையில், இங்கே இருந்து கதைத்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019இல், குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரையும் போதிய சாட்சியம் இல்லையென்று நீதிமன்றம் விடுவித்தது. ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் கனடாப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களின் தகப்பன் மெதுவாக, குனிந்து, சொல்லிக்கொண்டிருந்தார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடற்கரைக்குப் போய் இரு என்று எந்தத் தாயும் தன் பிள்ளையிடம் பல வருசம் சொல்லவில்லை. இப்போது இவ்வளவு சனம் இருக்கிறது. இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விசயமாகப் பட்டது.

மேற்கே நடந்தோம். வெளியூர்க்காரர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த நகரத்துக்கு இரண்டு பக்கமும் கடல். கிழக்கே டச்சுக்குடாவில் அலை அடிக்கும், மேற்கே உள்துறைமுகத்தில் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும். நடுவில் இருக்கிற தெருக்களை ஒரு கதை கதைத்து முடிப்பதற்குள் கடந்துவிடலாம். கடற்படை இருந்த காலத்தில் கப்பல்காரர் மேற்கே இறங்கி, கிழக்கே வந்து, திரும்பவும் மேற்கே போவார்கள். அந்தப் போக்குவரத்தை நம்பித்தான் பாதிக் கடைகள். சாராயக்கடை, தையல்கடை, படம்பிடிக்கிற ஸ்ரூடியோ, ஆமையோட்டுச் சீப்பும் யானைப் பொம்மையும் விற்கிற கடை.

மாமாவின் தகப்பன் டொக்யார்ட்டில் கன்ரீனில் வேலை பார்த்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான்காரன் குண்டு போட்டபோது ஊரே காட்டுக்கு ஓடியதை அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் மாமா. அன்று துறைமுகத்தில் எரிந்த சகைங் என்ற கப்பலை 2018இல்தான் கடற்படை மேலே கிளப்பியது. அதற்குப் பிறகு யுத்தம் பெருத்து, கப்பல்கள் குவிந்து, 44ஆம் ஆண்டளவில் தெருவில் காலடி வைக்க இடமில்லை என்பாராம் தகப்பன். இருபது வயதுப் பொடியன்கள், வெள்ளைத் தொப்பி, இரவுக்குள் செலவழிக்க வேண்டிய சம்பளம். அவர்களில் கொஞ்சப் பேர் உப்புவெளிப் போர் மயானத்தில் இருக்கிறார்கள். நான் தினமும் வேலைக்குப் போகிற வழி அது. வெட்டிவிட்ட புல், ஒரே அளவுக் கற்கள். வயதுகளை வாசித்திருக்கிறேன். அந்தப் பொடியன்கள் இந்தத் தெருவில் பாட்டுப் பாடிக்கொண்டு போயிருப்பார்கள் என்று இதுவரை சேர்த்து யோசித்ததில்லை.

பாட்டு என்றால் பாலையூற்றுப் பறங்கியரைச் சொல்லாமல் விட முடியாது. போர்த்துக்கேயர் போய் நானூறு வருசத்துக்குக் கிட்ட ஆகிறது. அவர்களின் மொழியைத் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பறங்கிக் குடும்பங்கள் இன்னும் வீட்டுக்குள் வைத்திருக்கின்றன. கல்யாண வீட்டில் வயலின் எடுத்தால் கஃப்ரிஞ்ஞா ஆட்டம்தான். அந்தத் தாளத்திலிருந்து வந்த பைலாவுக்குத்தான் இன்று இலங்கை முழுக்கச் சுற்றுலா பஸ்ஸில் ஆடுகிறார்கள். "எங்கட தியேட்டரில இடைவேளைக்கு றெக்கோர்ட் போடுறது ஒரு பறங்கி அண்ணன்தான்" என்றார் மாமா. "படம் துக்கமாப் போனா, அவர் வேணுமெண்டே பைலாவைப் போடுவார். அழுதுகொண்டு வெளியால வந்த சனம் சோடாவோட சிரிச்சுக்கொண்டு நிக்கும்."

1957இல் பிரிட்டிஷ்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். கொழும்புக்கு அது சுதந்திரத்தின் மிச்சப் பாதி. இந்தத் தெருவுக்கு வேலையும் வியாபாரமும் போன வருசம். மாமாவின் தகப்பனும் வீட்டுக்கு வந்தார். பத்து வருசம் கழித்து, பதினாறு வயதில், மாமா தியேட்டரில் கையுதவிக்குச் சேர்ந்தார். நெல்சனில் இல்லை. இன்னொன்றில். அது இப்போது இல்லை.

தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். பக்கத்தில் கொத்து ரொட்டித் தகரம் பேசிக்கொண்டிருந்ததால் மாமா குரலை உயர்த்த வேண்டியிருந்தது. நடையின் சிறந்த பகுதி இதுதான், நடக்காமல் இருந்த இந்த அரைமணி நேரம்.

ஒப்பரேட்டர் என்றால் சுவிச்சைப் போட்டுவிட்டு நித்திரை கொள்கிற ஆள் என்று நான் நினைத்திருந்தேன். அந்த அறையில் பல்ப்பே இல்லையாம். இரண்டு கரிக்குச்சிகள். நுனியை நுனி தொட வைத்து, கொஞ்சம் விலக்கினால் நடுவில் பொறி நின்று எரியும். அதுதான் வெளிச்சம். வெறுங்கண்ணால் பார்த்தால் கண் போகும், கறுப்புக் கண்ணாடியால்தான் பார்க்க வேண்டும். குச்சி எரிந்து குறையக் குறையக் கிட்டத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கவனம் தப்பினால் திரை மஞ்சளாகிவிடும், கலரியிலிருந்து, மலிவு டிக்கெற் ஆட்களிடமிருந்து, விசில் வரும், பிறகு தாய் தகப்பனுக்கு ஏச்சு வரும்.

ஒரு சுருள் இரண்டாயிரம் அடி, இருபது நிமிசம். இரண்டரை மணிப் படம் என்றால் ஏழெட்டுச் சுருள். மெசின் இரண்டு. ஒன்றில் ஓடிக்கொண்டிருக்க மற்றதில் அடுத்ததை ஏற்றி வைக்க வேண்டும். எப்போது மாற்றுவது? மாமா என் மகளைப் பார்த்துக் கேட்டார். "படத்திட வலப்பக்க மேல் மூலையில ஒரு பொட்டு வந்து போகும் மகள். கண்ணை வெட்டினால் தெரியாது. முதல் பொட்டுக்கு அடுத்த மெசினை ஓட விடோணும். ஏழெட்டுச் செக்கன்ல ரெண்டாவது பொட்டு. அதுக்கு மாத்தோணும். சனத்துக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சால் நான் வேலை செய்யேல்ல எண்டு அர்த்தம்."

"அப்ப நீங்க கதை பாக்கிறேல்லையா?" என்றாள் அவள்.

"நான் மூலையைத்தான் பாக்கிறது. முப்பது வருசமா மூலையைப் பாத்தன். இப்ப வீட்டில ரீவியில படம் ஓடினாலும் கண் மூலைக்குத்தான் போகுது."

ஒரே படம் இரண்டு தியேட்டரில் ஓடினால் பெட்டி ஒன்றுதான். அரைமணி முன்பின்னாகத் தொடங்குவார்கள். அங்கே முடிந்த சுருளைச் சைக்கிள் பொடியன் இங்கே கொண்டுவர வேண்டும். ஒருநாள் மழை, சங்கிலி கழன்று, பொடியன் வந்து சேரவில்லை. கையிலிருந்த ஒரு பாட்டுச் சுருளையே மாமா இரண்டாம் தரமும் போட்டார். சனம் தட்டிக் கேட்கவில்லை, கூடப் பாடியதாம். ஒன்ஸ்மோர் போட்டிருக்கிறார் ஒப்பரேட்டர் என்று நினைத்துவிட்டார்கள்.

1972இல் அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இறக்குமதியைக் கையில் எடுத்த பிறகு இந்தியப் படம் குறைந்தது. பழைய படங்களே திரும்பத் திரும்ப ஓடின, கீறல் விழுந்து, மழை பெய்கிற மாதிரி. 1979இல் தொலைக்காட்சி, 82இல் ரூபவாகினி. பிறகு டெக், வீடியோ கசெற் போடுகிற மெசின். வாடகைக்கு டெக்கும் ரீவியும் எடுத்து, மின்சாரம் இல்லாத இரவில் ஜெனரேற்றர் வைத்து, ஒரு முற்றத்தில் விடியவிடிய மூன்று படம். அது எனக்கும் தெரியும். என் சினிமா முழுக்க ஜெனரேற்றர் இரைச்சலோடு பார்த்த சினிமா. வசனம் விளங்காது, முகத்தைப் பார்த்துக் கதையைப் பிடிக்க வேண்டும். நானும் ஒருவகை ஒப்பரேட்டர்தான் போல.

இவ்வளவையும் அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தா. பிளேன்ரீயை முடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னா: "தம்பி, நீங்கள் சொல்லுறதெல்லாம் ஆம்பிளையளிட பொழுதுபோக்கு."

மாமா ரோர்ச்சை மேசையில் வைத்தார். "அதென்ன அக்கா அப்பிடிச் சொல்லுறீங்க?"

"சாராயக்கடை ஆம்பிளையள். மரணக்கிணறு ஆம்பிளையள். கலரி ஆம்பிளையள். எங்களுக்கு, கோணேசர் வெளிக்கிட்டால்தான் வெளிக்கிடலாம்."

சிவராத்திரிக்குப் பிறகு வருகிற நகர்வலத்தைச் சொன்னா. சுவாமி மலையிலிருந்து இறங்கித் தெருத்தெருவாக வருகிற இரவுகள். வீட்டுக்கு வீடு நிறைகுடம், குத்துவிளக்கு, குருத்தோலைத் தோரணம், சந்திக்குச் சந்தி தண்ணீர்ப்பந்தல். மேளச் சமாவில் இரண்டு கூட்டம் போட்டிபோட்டு ஊதும். எந்த நேரமானாலும் பெண்பிள்ளைகள் கேற்றுக்கு வெளியே நிற்கலாம், ஏனென்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். "சுவாமி எங்கட வாசலைத் தாண்டினதும் பிறகாலயே போவம். ரெண்டு தெரு, மூண்டு தெரு. திரும்பி வரேக்க சாமம்." அம்மா சொல்லும்போது ஜமாலியா ரீச்சர் ஒருவர், சந்தனக்கூடு இரவைப் பற்றித் தன் உம்மாவும் இதையேதான் சொல்வா என்றார்.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. இந்த வாய் இத்தனை வருசம் எங்கே இருந்தது? சாமத்தில் மூன்று தெரு தாண்டிப் போனவதான் எனக்கு ஆறு மணிக் கேற்றைப் பூட்டினவ. ஆனால் 1990இல் வேறென்ன செய்திருப்பா. நானே என் மகளை ஏழு மணிக்கு மேல் விடுவதில்லை, இப்போது, ஒன்றும் நடக்காத இந்தக் காலத்தில்.

கடைசி இடத்துக்கு அம்மா ஓட்டோ வேண்டாம் என்றா. மெதுவாக நடந்தோம். ஒரு சந்தி திரும்பும்போது என் கை தன்பாட்டில் பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடியது. முன்பு அந்த இடத்தில் சென்றி, அட்டை பார்க்கிற காவலரண், இருந்தது. இப்போது ஒரு போன் றீலோட் கடை. கையை வெளியே எடுத்தேன். பக்கத்தில் நடந்த மருமகன் கவனிக்கவில்லை, அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மாமா வேலை செய்த தியேட்டர் இருந்த இடத்தில் துணிக்கடையின் களஞ்சியம் இருக்கிறது. தகரக் கதவு, பூட்டு. பழைய கட்டடத்தில் மிஞ்சியது ஒரு பக்கச் சுவரும், அதில் உயரத்தில் சீமெந்து பூசி அடைத்த இரண்டு சின்னச் சதுரமும்தான். மாமா ரோர்ச்சை அங்கே அடித்தார். இரண்டு மெசினுக்கு இரண்டு துவாரம். வெளிச்சம் வெளியே வந்த வழிக்குள் இப்போது வெளிச்சம் வெளியிலிருந்து போய் முட்டிக்கொண்டு நின்றது.

"கலரி வாசல் இது. பல்கனிப் படி அங்கால. டிக்கெற் கூடு இந்த லைற் போஸ்ற் நிக்கிற இடம்." பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "ஒன்பதரை. ஆறரைக் காட்சி விடுற நேரம். கொஞ்சம் வழி விடுங்கோ, சனம் வரப் போகுது."

பொடியன்கள் சிரித்தார்கள். கனடாக்காரர் படம் எடுத்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, டிக்கெற் கூட்டுப் பக்கம் போகாமல், நேரே பல்கனிப் படி இருந்த பக்கமாக, காணோரத்துக்கு ஒதுங்கி நின்றா.